ரோசம்மாவின் விலை

புருஷன் சின்னப்பையனுக்குக் காய்ச்சல் கண்ட வருஷத்தைப் பற்றி மார்த்தாளிடம் யாரும் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால், "அந்தக் கர்மத்த ஏன் இப்ப கிளறிக்கினு கீறே?" என்று எழுந்து போய்விடுவாள். நாலடி போனதும் நின்று, திரும்பி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு முழுக் கதையையும் அவளே சொல்லி முடித்துவிட்டுத்தான் போவாள்.

கதை பெரிது. சுருக்கினால் இவ்வளவுதான். ஐம்பத்தாறாம் வருஷம் புரட்டாசியில் புருஷனுக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் கொடுத்த கஷாயத்துக்கு அடங்கவில்லை. கட்டை வண்டியில் போட்டுச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். நாற்பது நாள் அங்கே கிடை. அதற்குள் மூன்று ஆடுகளும் விலைக்குப் போயின. காதுத் தோடு போனது. தாய்வீட்டிலிருந்து சீதனமாக வந்த பித்தளை அண்டா, உத்திரமேரூர்க் கடைத்தெருவில் அடகுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பிழைத்துத் திரும்பியவனை வரவேற்க வீட்டில் கூரை இல்லை. ஐப்பசிக் காற்று அதைத் தூக்கிப் பக்கத்துக் கழனியில் போட்டிருந்தது.

இதெல்லாம் கூடப் போகட்டும் என்பாள் மார்த்தாள். கூரை போனால் வேயலாம். ஆள் வந்தான், ஆனால் அவனுடைய பேச்சு வரவில்லை. அதற்கு எந்தக் கடையில் போய் நிற்பது?

காய்ச்சலுக்கு முன்னால் சின்னப்பையன் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. களத்துமேட்டில் அவன் வாயைத் திறந்தால் தூற்றுகிற பெண்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். வேலை கெடுகிறது என்று கணக்கப்பிள்ளை வந்து திட்டுவார். திட்ட வந்தவரும் ஐந்து நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போவார். அப்படிப்பட்டவன் இப்போது "ம்" என்றான். ரொம்பக் கேட்டால் "சரி" என்றான். கூலி வேலைக்குப் போனான், வந்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பேய் பிடித்திருக்கிறது என்று சேரியில் சிலர் சொன்னார்கள். "எங்க வூட்ல கீற பஞ்சத்துக்குப் பேயி வேற வருமா?" என்று கேட்டு அவர்கள் வாயை மார்த்தாள் அடைத்தாள். வயிறு நிறைந்தால் வாயும் திறக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

ஆகவே வயிற்றை நிரப்பும் வேலையில் இறங்கினாள். விடியற்காலையில் ஆண்டாளம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டி அள்ளினாள். ஆண்டாளம்மாள் ஊருக்குள் இருக்கும் நாயுடு வீட்டுக்காரம்மாள். புருஷன் காலமான பிறகு மதகடி நிலம் ஆறு ஏக்கரையும் ஒற்றை ஆளாக நின்று பயிர் செய்கிறவள். அங்கே வேலை முடிந்தால் நடவு. நடவு இல்லாத நாளில் வரட்டி தட்டிக் கடைத்தெருவுக்குச் சுமந்தாள். மணிலாக்கொட்டை பிடுங்கி முடிந்த கொல்லைகளில், மண்ணுக்குள் தப்பிக் கிடந்த கடலைகளை மகள் பாக்கியமேரியோடு உட்கார்ந்து குச்சியால் கிளறிக் கிளறிப் பொறுக்கினாள். 

ஐம்பத்தேழு தை மாதம் ஒரு நாள், கொட்டகையில் எலும்பும் தோலுமாக நின்ற ஒன்றரை வயதுச் செவலைக் கிடாரிக் கன்றை ஆண்டாளம்மாள் காட்டினாள்.

"தாயில்லாத கன்னுடி. இங்க கெடந்தா செத்துடும். வாரத்துக்கு ஓட்டிக்கினு போ. பொயச்சா உனுக்கும் எனுக்கும். செத்துட்டா உனுக்கு இன்னா நஷ்டம்?"

நஷ்டப்பட மிச்சம் ஏதாவது இருந்தால்தானே என்று நினைத்துக்கொண்டு மார்த்தாள் கயிற்றைப் பிடித்தாள்.

வாரத்துக்கு விடுவது என்றால், மாடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர். மாடு முதல் கன்று போட்டதும் கணக்கு முடிக்க வேண்டும். அதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு முறை இருந்தது. வளர்த்தவர் மாட்டுக்கும் கன்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொல்ல வேண்டும். ஒரே தடவைதான், மாற்றக் கூடாது. அதைக் கேட்டுவிட்டு மாட்டுக்காரர் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பாதி விலையை வளர்த்தவரிடம் கொடுத்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகலாம். அல்லது பாதி விலையை வாங்கிக்கொண்டு மாட்டை விட்டுவிடலாம். குறைத்துச் சொன்னால் மாடு கையைவிட்டுப் போகும். கூட்டிச் சொன்னால் அந்தப் பாதியை நாமே அவிழ்க்க வேண்டும்.

கன்றுக்கு ரோசம்மா என்று பாக்கியமேரி பெயர் வைத்தாள். மாதா கோயில் உபதேசியார் முகம் சுளித்தார். மாட்டுக்கு வைக்கிற பெயரா இது என்றார். அதற்குள் சேரி முழுக்க ரோசம்மா ரோசம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவரே ஒரு நாள் வாய் தவறி, "ரோசம்மா தண்ணி குடிச்சிச்சா?" என்று விசாரித்தார்.

கன்றை மேய்க்கும் வேலை தானாகவே சின்னப்பையனிடம் போனது. யாரும் சொல்லவில்லை. வேலை முடிந்து வந்ததும் கயிற்றை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவான். ஒரு நாள் பாக்கியமேரி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"யம்மா, நைனா பேசிக்கினு கீது!"

"யாராண்ட?"

"ரோசம்மாவாண்ட. எதோ கத சொல்லிக்கினு கீது. அதுவும் கேட்டுக்கினு கீது."

மார்த்தாள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போனாள். பனைமரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சின்னப்பையன் கன்றின் காதோரம் உண்ணி பிடுங்கிக்கொண்டே ஆஸ்பத்திரிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டில்காரன் ரொட்டியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்து, எறும்பு மொய்த்து, அவன் ராத்திரி முழுக்கக் குதித்த கதை. மார்த்தாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கட்டின பெண்டாட்டியை விட்டுவிட்டு மாட்டிடம் சொல்கிறானே என்று கோபம் வந்தது. கடைசியில் அழுகை வந்தது. மூன்றையும் முந்தானையில் துடைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்: எது போனாலும் சரி, ரோசம்மா இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது. அது போனால் மறுபடியும் அந்த "ம்" மட்டும்தான் மிஞ்சும்.

அன்றிலிருந்து கிடைத்த காசையெல்லாம் வீட்டு மூங்கில் காலின் துளைக்குள் போட்டாள். அண்டாவை மீட்கக் கெடு வந்தது. "அண்டா இன்னா பால் கறக்கப் போவுதா?" என்று அதை மூழ்க விட்டாள். விட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. ரோசம்மா தளதளவென்று வளர்ந்து, கார்த்திகையில் ஒரு கிடாரிக் கன்று போட்டது. இரண்டு வேளைக்கும் சேர்த்து மூன்றரைப் படி பால். டீக்கடைக்கு ஊற்றியதில் கூரைக்குப் புதுக் கீற்று வந்தது. பாக்கியமேரியின் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. பொங்கலுக்கு வீட்டில் நெய் மணந்தது. மூங்கிலைக் கவிழ்த்து எண்ணியபோது எண்பது ரூபாய் இருந்தது. எண்பதைப் பார்த்ததும் மார்த்தாளுக்குத் தலை கால் புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்முலுவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். ஏன் சுற்றுகிறோம் என்று அம்முலுவுக்குச் சொல்லவில்லை.

பொங்கல் முடிந்த வாரம் கணக்கு முடிக்க நாள் குறித்தார்கள். எண்பது ரூபாய்தான் பாதி என்றால், விலை நூற்றறுபது. அதற்கு மேல் சொல்ல வழியில்லை. ஆனால் மாடு அதற்கு மேல் பெறும். நூற்றறுபது என்று காதில் விழுந்தால் ஆண்டாளம்மாள் எண்பதைக் கொடுத்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவாளே? போதாததற்கு, அந்த அம்மாள் இரண்டு நாளாக ஏரிக்கரைப் பக்கம் வந்து, ரோசம்மாவின் மடியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

மார்த்தாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாட்டைப் பார்த்தால் ஆசை வரக் கூடாது. அவ்வளவுதானே?

"நாலு நாளைக்கு அத்தக் குளுப்பாட்டாத. சாணியில பட்த்துக்கினு கெடக்கட்டும். காலையில தண்ணி காட்டாத, வயிறு ஒட்டி இருக்கட்டும்" என்று புருஷனிடம் சொன்னாள். அடுத்தது விலை. வளர்த்தது வீடு முழுக்கச் சேர்ந்து என்றாலும், விலையை ஆண்பிள்ளை வாயால்தான் சொல்ல வேண்டும் என்று ஊரில் ஒரு வழக்கம். பேசுகிற ஆண்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அது சரி.

"நூத்தியறுபது. எங்க, சொல்லு."

"நூத்தியறுபது."

"அவ்ளோதான். மேல ஒரு வார்த்த பேசாத."

இரண்டு வருஷமாகப் பேசு பேசு என்று கெஞ்சியவள் அவள்.

குறித்த நாள் காலையில் மார்த்தாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தால், வாசலில் ரோசம்மா மணப்பெண்ணாக நிற்கிறது. ஏரியில் இறக்கி வைக்கோலால் தேய்த்துக் குளிப்பாட்டியதில் உடம்பு பளபளத்தது. கொம்பில் மாட்டுப் பொங்கலுக்கு வாங்கி மிச்சமிருந்த காவி. கழுத்தில் சாமந்தி மாலை. வயிறு முட்டத் தண்ணீர் வேறு குடித்திருந்தது.

"இன்னாய்யா இது! தலப்பாடா அடிச்சிக்கினனே!"

"பொறந்த வூட்டுக்குப் போறா" என்றான் சின்னப்பையன். "அயுக்கோட எப்டி கூட்டிக்கினு போறது?"

பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழுக்கோடு கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டா? மார்த்தாள் எண்பது ரூபாயை மடியில் முடிந்துகொண்டு, மாதாவே நீயே பார்த்துக்கொள் என்று பின்னால் நடந்தாள்.

ஆண்டாளம்மாள் வீட்டுக் கொல்லையில் புங்க மரத்தடியில் திருமுக்கூடல் பெருமாள் உட்கார்ந்திருந்தார். மாட்டுத் தரகர், நடுவில் நின்று கணக்கு முடித்து வைக்க வந்தவர். ஆண்டாளம்மாளின் கையில் புதுக் கயிறு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததுமே மார்த்தாளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"நம்ம செவலயாடி இது?" என்று அந்த அம்மாள் ரோசம்மாவைச் சுற்றி வந்தாள். "என் கண்ணே பட்டுடும் போல கீதே!"

"சரி, நேரம் ஆவுது" என்றார் பெருமாள். "சின்னப்பையா, ஒரே தபா. நல்லா யோசிச்சி வெலய சொல்லு."

சின்னப்பையன் மாட்டைப் பார்த்தான். ரோசம்மா அவன் தோளை நக்கிக்கொண்டிருந்தது. மார்த்தாள் தன் உதட்டை அசைத்து நூத்தியறுபது, நூத்தியறுபது என்று ஜபம் பண்ணினாள்.

"முன்னூறு" என்றான்.

மார்த்தாளுக்குக் காதில் ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. முன்னூறில் பாதி நூற்றைம்பது. மடியில் எண்பது.

"முன்னூறா? டேய், காய்ச்ச திரும்பி வந்திச்சா உனுக்கு?" என்றாள் ஆண்டாளம்மாள்.

"மூணர படி கறக்குதும்மா. ஒதைக்காது, முட்டாது. கன்னும் கிடாரி. அந்தாண்ட கரையில மேயறப்ப பேர் சொல்லிக் கூப்ட்டா தலயத் தூக்கிப் பாக்கும். நடு மயில கூட ஒரு நாள் பட்டினி போட்டதில்ல. முன்னூறு. கால் ரூபா கொறயாது."

இவ்வளவு பேச்சை மனிதர்கள் முன்னால் அவன் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேஜார் வந்துவிட்டதே என்று நடுங்கிக்கொண்டிருந்த மார்த்தாளுக்கு, அந்த நடுக்கத்துக்கு நடுவிலேயே உடம்பு சிலிர்த்தது.

ஆண்டாளம்மாள் பெருமாளைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். "சந்தையில எரநூத்தி இருபது, முப்பது போவும். ஆனா சொன்ன வெல சொன்னதுதான்."

அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணினாள். தன் மாட்டையே தான் ஓட்டிக்கொள்ள நூற்றைம்பது கொடுப்பதா? பணத்தை வாங்கும்போது அவளுடைய கை நன்றாகத்தான் நீளும். கொடுக்கும்போதுதான் கொஞ்சம் வாதம். புதுக் கயிற்றைக் கொட்டகைக்குள் வீசி எறிந்தாள்.

"மாட்ட நீயே வெச்சிக்கோ. நூத்தம்பத எடு."

மார்த்தாளுக்கு அப்போதுதான் உறைத்தது. நூற்றறுபது என்று சொல்லியிருந்தால் இந்நேரம் அந்தக் கயிறு ரோசம்மாவின் கழுத்தில் ஏறியிருக்கும். கூட்டிக் கழித்து அவள் போட்ட திட்டம் மாட்டைத் தொலைத்திருக்கும். ஒன்றையும் யோசிக்காமல் இந்த மனுஷன் உளறியது அதைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் முழுசாக இன்னும் காப்பாற்றவில்லை.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள பணம் வந்துடணும்" என்றார் பெருமாள். "வர்லன்னா மாடு அம்மாவுக்கு."

எழுபது ரூபாய்க்கு எங்கே போவது? வட்டிக்கடைப் படியை இனி மிதிப்பதில்லை என்று மாதா கோயிலில் சத்தியம் செய்திருந்தாள். மார்த்தாள் ஆண்டாளம்மாளின் முகத்தைப் பார்த்தாள். தினமும் விடியற்காலையில் கொட்டகை கூட்டும்போது அந்த முகம் சமையலறை ஜன்னலில் நின்று காப்பியைத் திட்டுவது ஞாபகம் வந்தது. கொட்டகையில் நாலு மாடுகள், நாலும் பால் வற்றியவை. கடையிலிருந்து வருகிற பாலில் பாதிக்கு மேல் ஏரித் தண்ணீர்.

"யம்மா, எம்பது இந்தா கீது. மீதி எளுவதுக்குப் பாலா தரேன். தெனம் காலையில ரோசம்மாவ இங்கியே ஓட்டியாரேன். உங்க கண்ணு எதிர்ல, உங்க சொம்புல ஒரு படி கறந்து வெக்கறேன். படி எட்டணா."

"எத்தினி நாளைக்கு?"

மார்த்தாள் விழித்தாள். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற பாக்கியமேரி, "நூத்தி நாப்பது நாளு" என்றாள். ஐந்தாம் வகுப்பு படிப்பது வீண்போகவில்லை.

சேரியில் வளர்ந்த மாடு, சேரிப் பெண் கறக்கும் பால். தன் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தொட விடாதவள்தான் ஆண்டாளம்மாள். ஆனால் காப்பி என்று வந்துவிட்டால் சாஸ்திரங்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்று வழி விடுகின்றன. 

"நொர தள்ளிக்கினு கறக்கணும்" என்றாள். "சொட்டுத் தண்ணி கூடாது. ஒரு நாள் வர்லன்னாலும் மாட்ட அவுத்துப்பேன்."

"பொயுது விடிய வந்து நிப்பேம்மா."

"நான் சாட்சி" என்றார் பெருமாள். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் சின்னப்பையனிடம், "முப்பது வருசமா இத்தப் பண்றேன்பா. சொந்த மாட்டுக்கு இப்டி ஒருத்தன் வெல சொல்லிப் பாத்ததில்ல" என்றார். பாராட்டா, திட்டா என்று மார்த்தாளுக்குப் புரியவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டாள்.

எண்பது ரூபாயை எண்ணி வைத்துவிட்டு மூவரும் புறப்பட்டார்கள். பாக்கியமேரி கன்றோடு முன்னால் ஓடினாள். ஊர் எல்லை தாண்டியதும் மார்த்தாள் புருஷனை மறித்துக்கொண்டு நின்றாள்.

"யோவ், ராவெல்லாம் பாடம் பண்ணி வெச்சேனே. முன்னூறு எங்கேர்ந்துய்யா வந்திச்சி?"

"வாயில வந்திச்சி."

"அந்தம்மா நூத்தம்பதத் தூக்கிப் போட்டுட்டு மாட்ட அவுத்துக்கினு இருந்தா?"

"அத்த நான் நெனைக்கவே இல்ல மார்த்தா. அவ என் தோள நக்கிக்கினு நிக்கறா. அவள எதிர்ல வெச்சிக்கினு கொறச்சி சொல்ல வாய் வர்ல." கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனுக்கு இன்னா செலவாச்சின்னு ஆஸ்பத்திரில பட்த்துக்கினே எண்ணிக்கினு இருந்தேன். மூணு ஆடு, தோடு, அண்டா. இந்த எலும்புக்கு அவ்ளோ தகாதுன்னு தோணிக்கினே இருந்திச்சி. வாயத் தொறந்தா அதான் வெளிய வரும். அதுக்குத்தான் தொறக்கல."

மார்த்தாள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு இவன் போட்ட கணக்கு இதுதானா? அவளுக்கு அவனை நாலு சாத்துச் சாத்த வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"இப்ப நீ சொல்லு" என்றான் அவன், பழைய சின்னப்பையனின் குறும்பு கொஞ்சம் எட்டிப் பார்க்க. "எனுக்கு வெல கேட்டா இன்னா சொல்லுவே?"

"உனுக்கு நான் ஏன்யா வெல சொல்லணும்?" மார்த்தாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "உன்ன யாராச்சும் எனுக்கு வாரத்துக்கு வுட்டாங்களா, பாதி குடுக்கறதுக்கு? நீ முச்சூடும் என்து."

சின்னப்பையன் வாய்விட்டுச் சிரித்தான். கன்று போன திசையைப் பார்த்து ரோசம்மா கத்திக்கொண்டு கயிற்றை இழுத்தது. இருவரும் அதன் பின்னால் வேகமாக நடந்தார்கள்.